மான் தின்ற அழைப்பாணை

கோதுமை மாவில் காய்ச்சிய பசை.
நான் விட்ட பிழை அதுதான்.
கோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவில்
அழைப்பாணையை ஒட்டிவிட்டு
சைக்கிளைத் திருப்பியபோது கண்டேன்:
ஒற்றைக் கொம்பு உதிர்ந்த புள்ளிமான் ஒன்று
எதிர்மனுதாரரின் பெயரில் தொடங்கித்
தவணைத் திகதி வரை
நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

சத்தியக்கடதாசியில் என்னத்தை எழுத?
ஒட்டினேன் என்பது உண்மை.
ஒட்டியிருக்கிறது என்பது பொய்.
இருபது வருடம் பிஸ்கால் உத்தியோகம்.
கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன்
பாதையில் ஏறி அழைப்பாணை கொண்டுபோனவன்.
நாய் கடித்திருக்கிறது.
மூதூரில் ஒருத்தி சோற்றுக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள்.
மான், இதுவே முதல் தடவை.

மனுதாரர் சௌபாக்கியவதி.
உப்புவெளியில் சீதனக் காணி, பதினெட்டுப் பேர்ச்.
விற்றால்தான் மகளின் இதயத்தில் ஓட்டை அடைபடும்.
நொத்தாரிசு பேனையை மூடிவிட்டார்:
"புருஷன்ர கையெழுத்து எங்க, அம்மா?"

அவள் இந்தக் கடற்கரையில் பிறந்தவள்,
யாழ்ப்பாணத்தைப் பஸ் யன்னலால்கூடப் பார்த்ததில்லை.
கரவெட்டியான் கட்டிய தாலியோடு
தேசவழமையும் கழுத்தில் ஏறியது,
அவளிடம் ஒரு வார்த்தை கேளாமல்.
ஒன்பது வருடத்துக்கு முன்
கொழும்புக்குப் போய்வாறன் என்றவன்
போனதை மட்டும் நிறைவேற்றினான்.
அவன் கையெழுத்துக்குப் பதிலாக
மாவட்ட நீதிமன்றம் சம்மதம் தரலாம்.
அதற்கும் அவனுக்கு அறிவித்தாக வேண்டும்.

சட்டத்தரணி றிஸ்கான் இன்னொரு கதவையும் தட்டினார்:
முப்பது வருடம் இந்தக் குடாவில் மீன் வாங்கித் தின்றவன்
எந்த ஊரவன்?
திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா என்றார் நீதிபதி.
எண்ணத்துக்கு எந்த வாசலில் போய் ஒட்டுவேன்
என்று நான் யோசித்தேன்.

றிஸ்கானின் உம்மா விட்டுப்போன வளவுக்கு வேறு சட்டம்.
குறிப்பெடுத்த பிள்ளைக்குக் கண்டியில் வயல்,
அதற்கு இன்னொன்று.
எல்லோர் தலைக்கும் மேலே
ஒரே மின்விசிறி, அதுவும் கிறீச்சிட்டது.

என் சத்தியக்கடதாசியை நீதிபதி வாசித்தார்.
பின்வாங்கில் யாரோ சிரிக்க,
ஆராய்ச்சி "சத்தம் போடாதீங்க" என்று
தானும் சிரித்தார்.
சட்டக்கோவை ஒட்டச் சொல்கிறது;
எவ்வளவு நேரம் ஒட்டியிருக்க வேண்டுமென்று சொல்லவில்லை.
சிவப்பு அட்டைத் தீர்ப்புகளில்
வெள்ளம் இருந்தது, கறையான் இருந்தது.
ஒல்லாந்தர் கப்பலேறிப் போனபின்னும்
அவர்களுடைய சட்டம் எங்கள் உறுதிகளில் தங்கிவிட்டது.
அவர்கள் கட்டிய வாசல் வளைவின் நிழலில்
தினமும் படுத்து அசைபோடுகின்றன மான்கள்.
நீதிபதி தேடியவரை
அங்கேயும் மானைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதற்கும் ஒருவர் மேன்முறையீடு செய்யலாம்.
வழக்கேடு இரவு ரயிலில் புதுக்கடைக்குப் போகும்,
நூல் அவிழும், திரும்பக் கட்டப்படும்.
சௌபாக்கியவதி ஆஸ்பத்திரிச் சீட்டை
நாலாய், எட்டாய் மடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டளை இரண்டே வரி:
மீண்டும் ஒட்டுக.
மானுக்கு எட்டாத உயரத்தில்.

பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கினேன்.
அவளே வந்து கதிரையைப் பிடித்தாள்.
அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:
"இந்த மனுசன்ர பேரை
இவ்வளவு உயரத்தில நான் வைச்சதேயில்லை."

தவணையன்று வாசலில் நின்று
மூன்றுமுறை கூப்பிட்டார்கள்.
மூன்றாவது தடவை அவளும் திரும்பிப் பார்த்தாள்.
வராதவனுக்காக
நீதிபதியின் பேனை அசைந்தது.

இப்போது எங்கள் கந்தோரில்
ஆறடிக்குக் கீழே எவரும் ஒட்டுவதில்லை.
மானே இல்லாத கந்தளாயிலும்
புதுப் பையன் கதிரை தேடுகிறான்.
எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.
"வழமை, சேர்" என்றான்.

பசை இன்னும் கோதுமை மாதான்.
கோந்துக்குக் காசு ஒதுக்கவில்லையாம்.